முள் பச்சையில் நிற்க வேண்டும்

அந்த வெள்ளிக்கிழமை காலைப் பலகாரத்துக்கு முன்பே அறவாழி நான்கு முறை செத்திருந்தார். வழக்கமாக மூன்று முறைதான். நான்காவது சாவு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மேசைக்குக் கீழே அவருடைய கால் உதறிய விதத்திலேயே தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி மரகதவல்லி தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஏனுங்க, இப்ப உசுரோட இருந்தீங்கன்னா ஒரு வாய் சாப்புடுங்க."

"ஒரு நிமிசம் இரு. கதவுக்குப் பின்னால ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்."

தென்குமிழில் இதெல்லாம் அன்றாடப் பேச்சு. செவ்வாய்க் கோளின் தென்பாதியில் ஒரு பெரும்பள்ளத்தைக் கண்ணாடிக் கூரையால் மூடி, அதற்குள் ஒன்பதாயிரம் பேர் வாழ்ந்தார்கள். மூன்று தலைமுறைக்கு முன்பு கொங்கு நாட்டிலிருந்து கப்பலேறியவர்களின் வம்சம். இங்கே வந்ததும் உடம்பின் எடை மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. பேச்சில் 'ங்க' மட்டும் குறையவில்லை. பயிர் வைப்பது, சமைப்பது, கூட்டுவது, துணி நெய்வது எல்லாம் ரோபோக்களின் பாடு. பதினெட்டு வயதானதும் ஒவ்வொருவருக்கும் கண்ணின்மேல் ஒரு மெல்லிய படலம் ஒட்டப்படும். அதன் பெயர் விழித்திரை. மூன்று முறை சிமிட்டினால் ஆட்டம் தொடங்கும். கையில் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. விரல்கள் காற்றில் அசைந்தாலே போதும், திரைக்குள் வாள் சுழலும். தெருவில் எதிரே வருபவர் காற்றைக் குத்திக்கொண்டு வந்தால் அவருக்குப் பைத்தியம் என்று யாரும் நினைப்பதில்லை; மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அறவாழிக்கு வயது ஐம்பத்தெட்டு. நாற்பது ஆண்டுகளாக ஆடுகிறார். அவருக்குப் பதவி எதுவும் கிடையாது, அபிப்பிராயங்கள் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு ஊர் ஒலிபரப்பில் அவற்றை எடுத்துவைப்பார். பாதி ஊர் கேட்கும், மீதி ஊர் கேட்காமலே திட்டும்.

"முன்னெல்லாம் கேம்ல செத்தா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். இப்பச் செத்தா 'அருமையாச் செத்தீங்க'ன்னு பூப் போடறாங்க" என்பார். "பாதி வெந்த இட்லியத் தட்டுல வெச்சுட்டு, மிச்ச வேக்காடு அடுத்த மாசம் வரும்னா சும்மா இருப்பீங்களா? கேம்ல மட்டும் எப்படிச் சும்மா இருக்கறீங்க?" என்பார். ஒருவர் ஆடுவதை நாலாயிரம் பேர் உட்கார்ந்து பார்ப்பது, அடுத்தவன் சாப்பிடுவதைப் பார்த்து ஏப்பம் விடுவதற்குச் சமம் என்பார். அலங்காரத் தொப்பிகளுக்காக ஆடுபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. உண்மையான ஆட்டக்காரனுக்குத் தொப்பி எதற்கு? அவனுக்கு வேண்டியது கஷ்டம். கஷ்டத்தைத் தாங்கும் பொறுமை. தாமே ஒரு ஆட்டத்தில் ஒரு பாறைக்கு முன்னால், வருமா வராதா என்று தெரியாத ஒரு பறவைக்காகப் பதினொரு மணி நேரம் நின்றதை மாதம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

முகம் தெரியாத ஆளின் தாயைத் திட்டுவது ஆட்டப் பண்பாடு ஆகாது என்றும் சொல்வார். தோற்றுப்போன நேரங்களில் அவரே திட்டியிருக்கிறார். அதைச் சொல்வதில்லை.

மரகதவல்லி ஆடுவதில்லை. ஊரின் காற்றுக்கு அவள்தான் பொறுப்பு. அவள் வேலை சரியாக நடந்தால் ஊரில் எதுவும் நடக்காது; அதனால் அவளுக்கு ரசிகர்கள் கிடையாது. அவளுக்கு உதவியாள் இருக்க வேண்டிய இடம் ஆறு ஆண்டுகளாகக் காலி. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.

அன்று பதினொன்றே காலுக்கு, அறவாழி தொப்பிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வானத்திலிருந்து புளியங்கொட்டை அளவு கல் ஒன்று வந்து கூரையின் ஓரத்தைத் துளைத்தது.

தென்குமிழின் கூரை இரண்டு அடுக்கு. நடுவில் காற்று. வெயில் ஏறினால் அது விரியும், தாழ்ந்தால் சுருங்கும். கூடினால் வெளி அடுக்கு பிளக்கும், குறைந்தால் உள் அடுக்கு விரிசல் விடும். அந்த இடைக்காற்றைச் சமனாக வைத்திருந்தது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. முப்பது ஆண்டுகளாகக் கூரையின் ஒவ்வொரு முனகலையும் கேட்டுக் கேட்டுத் தானாகவே பழகிய பெட்டி அது. கல் அதன் நடுவே புகுந்து சென்றது. பழகிய அறிவெல்லாம் பெட்டியோடு எரிந்தது. பெட்டியிடம் கேட்டு நடக்கும் பராமரிப்பு ரோபோக்கள் ஆறும் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டன.

அபாயச் சங்கு அலறியது. காப்பறைகளுக்குப் போகும்படி எல்லோர் விழித்திரையிலும் சிவப்பு எழுத்து ஓடியது. ஏதோ புது ஆட்டத்தின் விளம்பரம் என்று எண்ணி பெரும்பாலோர் இடதுகண்ணைச் சிமிட்டி அதைத் தள்ளிவிட்டார்கள். சங்கின் ஒலிக்கு அன்று மாலைக்குள் ஆயிரத்து முந்நூறு பேர் மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஐந்துக்கு ஒன்றரை. 'சத்தம் நன்று, கதை இல்லை.'

மரகதவல்லி ஒலிபரப்பு அறைக்குள் ஓடிவந்து கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க. ஆள் வேணும்."

"நேரலைல இருக்கறேன் மரகதம்!"

"கூரை போனா எல்லாருமே நேரா மேலதான் போவோம். வாங்க."

கூரையின் அடிவாரத்தில், தடித்த சுவருக்குள், சமையலறை அளவில் ஒரு அறை. அங்கே சுவரில், இடைக்காற்றைக் கையாலேயே கூட்டவும் குறைக்கவும் ஒரு இரும்புக் கைப்பிடி. அதற்கு மேலே தட்டு அளவில் ஒரு வட்ட மானி. மானியில் நடுவே ஒரு பச்சைப் பட்டை, இரு பக்கமும் சிவப்பு, ஒரு முள்.

"நான் வெளிய போயித் துளைய அடைக்கறேன். முள் பச்சையில நிக்கோணும். வலப்பக்கம் போனாக் கொஞ்சம் அமுக்குங்க, இடப்பக்கம் போனாக் கொஞ்சம் விடுங்க. அவ்வளவுதான். கைய மட்டும் எடுத்துறாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"முடியற வரைக்கும்."

காப்பு உடையை மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். கம்பித் தொலைபேசியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அந்தச் சுவருக்குள் விழித்திரை வேலை செய்யாது. நாற்பது ஆண்டுகளில் முதல் முறையாக அறவாழி ஒரு சுவரைச் சுவராகவே பார்த்தார். சாம்பல் நிறம். ஒரு இடத்தில் சாயம் உரிந்திருந்தது.

முள் அசையவே இல்லை போலிருந்தது. பிறகு ஒரு மயிரிழை நகர்ந்தது. அவர் ஒரு மயிரிழை அழுத்தினார். பாராட்டு எதுவும் வரவில்லை.

"மரகதம், எத்தனை சதவீதம் முடிஞ்சுது?"

"முடிஞ்சாச் சொல்றனுங்க."

"நான் செய்யறது சரியா?"

"முள் பச்சையில இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அப்பச் சரி."

பத்து நிமிடம் ஆனது. பன்னிரண்டு ஆனது. பறவை வரும் என்ற நம்பிக்கையில் பதினொரு மணி நேரம் நின்றவருக்கு, இங்கே வரப்போவது எதுவும் இல்லை என்பது தெரிந்தே இருந்தது. நன்றாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. அதுதான் பரிசு. அவர் கால் மாற்றி நின்றார், கொட்டாவி விட்டார், உரிந்த சாயத்தில் ஒரு முகம் தெரிகிறதா என்று பார்த்தார். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் அவருடைய கண்கள் தாமாகவே மூன்று முறை சிமிட்டின. ஆட்டம் வரவில்லை. மறுபடி சிமிட்டினார். மூன்று விநாடிதான். கை தளர்ந்தது. முள் சிவப்புக்குள் விழுந்தது.

தொலைபேசியில் ஒரு அலறல். துளையிலிருந்து பீறிட்ட காற்று மரகதவல்லியைக் கூரையிலிருந்து தூக்கி வீசியது. இடுப்பு வார் இழுத்துப் பிடித்தது. திரும்பி வந்து விழுந்த வேகத்தில் இடது மணிக்கட்டு முறிந்தது.

"மரகதம்! மரகதம்!"

வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது. "கத்தாதீங்க. முள்ளப் பாருங்க."

அதன்பிறகு அவர் முள்ளை மட்டுமே பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தபோதுகூடத் துடைக்கக் கை எடுக்கவில்லை. அவள் ஒற்றைக் கையால் துளையை அடைத்து முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

துளை அடைபட்டதோடு விவகாரம் முடியவில்லை. புதுப் பெட்டி பூமியிலிருந்து வர வேண்டும். அடுத்த கப்பலுக்குப் பத்து மாதம். அதுவரை இரவு பகலாக யாராவது அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊர் மன்றம் கூடியது. கணக்கு எளிது. ஊரில் பெரியவர்கள் ஏழாயிரத்து முந்நூறு பேர். ஆளுக்கு ஒரே ஒரு மணி நேரம் வந்து நின்றால் பத்து மாதம் ஓடிவிடும். வாழ்நாளில் ஒரு மணி நேரம்.

முதல் வாரம் வந்தவர்கள் ஐந்து பேர். அறவாழியும் மரகதவல்லியும் அதில் இருவர். மூன்றாமவர் மன்றத் தலைவர் பொங்கியண்ணன். பத்தே நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற இருவர் அங்கே தொப்பி கொடுக்கிறார்கள் என்று நினைத்து வந்தவர்கள்.

"நம்ம சனம் வராதுங்கம்மா" என்றார் பொங்கியண்ணன். "நூறு பேரு முதுகுவலின்னு எழுதிக் குடுத்திருக்காங்க. மத்தவங்க எழுதறதுக்கே மேல் வலிக்குதுங்கறாங்க."

மூன்றாவது வாரம் மரகதவல்லி கட்டுப்போட்ட கையோடு நின்றபடியே தூங்கி விழப்போனாள். அறவாழி தாங்கிப் பிடித்தார். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"ஏனுங்க, உங்காளுக இல்லாத பறவைக்கு நாள் முழுக்க நிப்பாங்கன்னு சொன்னீங்கல்ல? அப்ப இதையும் ஒரு கேமாப் பண்ணிருங்க."

செய்ய முடிகிற காரியம்தான். மானிக்கு எதிரே கம்பி இணைத்த ஒரு கேமரா. ஆட்டக்காரர்கள் திரையில் அந்த முள்ளைப் பார்த்துக் காற்றில் ஒரு பிடியை அழுத்துவார்கள். அத்தனை கைகளின் சராசரி எதுவோ அதன்படி ஒரு மோட்டார் உண்மையான பிடியை அசைக்கும். ஒரு கை சலித்தாலும் மற்றவை தாங்கும். இணைப்பைப் பற்றிக் கவலையே இல்லை. தென்குமிழில் காற்றுக்கு ஒரே ஒரு பெட்டிதான் வைத்திருந்தார்கள். பொழுதுபோக்கு வலைக்கு மூன்று மாற்று ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள்.

அறவாழி தம் கொள்கைப்படி ஆட்டத்தைக் கட்டினார். பெயர் 'முள்'. ஒரு சாம்பல் சுவர், ஒரு மானி, ஒரு பிடி. பரிசு இல்லை, இசை இல்லை, விளக்கம்கூட இல்லை. இதுவரை யாரும் தராத தூய ஆட்டம் என்று மனைவியிடம் பெருமைப்பட்டார். பத்தொன்பது பேர் ஆடினார்கள். அதில் பதினாறு பேர் இரண்டு நிமிடத்தில் போய்விட்டார்கள்.

"தொப்பி வைங்க" என்றாள் மரகதவல்லி.

"என்னால முடியாது. ஊருக்கே சொல்லியிருக்கேன், தொப்பி கேவலம்னு."

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவர் தொப்பி வைத்தார். ஐந்து நிமிடம் நின்றால் துண்டு, அரை மணி நின்றால் தலைப்பாகை, மூன்று மணிக்கு மயிலிறகு. வரிசைப் பட்டியல் வைத்தார். முள் பச்சையில் இருக்கும்போதெல்லாம் "அடடா, என்ன கை!" என்று கூவும் ஒரு மைனாவை வைத்தார். தோற்றவர்மேல் பூப் போட்டார். ஒவ்வொன்றையும் வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

பத்து நாளில் ஆறாயிரம் பேர். மன்றம் ஆள் கேட்ட அந்தக் கைப்பிடியை அவர்கள் நேரில் பார்த்ததில்லை; வேறு யாரோ போய் நின்றிருப்பார்கள் என்று அதை மறந்தும் போயிருந்தார்கள். உறங்கும் நேரத்தை முறைபோட்டுக்கொண்டு ஆடினார்கள். 'முள்' எப்படிப் பிடிப்பது என்று வகுப்பு எடுத்தார்கள். இடக்கைக்காரர்களுக்கும் வலக்கைக்காரர்களுக்கும் சண்டை மூண்டு, தாய்மார்கள் வழக்கம்போல் இழுக்கப்பட்டார்கள். பெட்டி இருந்த காலத்தில்கூட முள் அவ்வளவு அசையாமல் நின்றதில்லை. மரகதவல்லி ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள்.

அறவாழிக்குத்தான் நிம்மதி இல்லை. 'எதற்கும் பயன்படாத இன்பம்' என்று ஆட்டத்தைப் புகழ்ந்து ஒருவர் பேசியதைக் கேட்டதும் நேரே மனைவியிடம் போனார்.

"சொல்லிடலாம் மரகதம். நீங்க பிடிச்சிருக்கறது நெச உசுருன்னு சொன்னா எவ்வளவு பெருமைப்படுவாங்க!"

"வேண்டாமுங்க."

"மனுசன அவ்வளவு கேவலமா நெனைக்காத. நாற்பது வருசமா இவங்கள எனக்குத் தெரியும்."

"எனக்குக் காத்தத் தெரியும். ஓடறது நல்லா ஓடுது. கைய வெக்காதீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எல்லாவற்றையும் சொன்னார். சுவரைச் சொன்னார், மூன்று சிமிட்டலைச் சொன்னார், மனைவியின் மணிக்கட்டைச் சொன்னபோது குரல் உடைந்தது. "நான் எத்தனையோ அரக்கனக் கொன்னிருக்கேன். ஒருத்தரையும் காப்பாத்துனதில்ல. நீங்க ரெண்டு வாரமா இந்த ஊர் மொத்தத்தையும் கையில தாங்கிட்டிருக்கீங்க. விளையாட்டுன்னு நெனைச்சீங்க. இல்லீங்க. அந்த முள் நெசம். உங்க கையும் நெசம்." அவர் இதுவரை பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்தபடி எண்ணிக்கையைப் பார்த்தார்.

ஆறாயிரத்துச் சொச்சம் இருந்தது, கால் மணியில் தொள்ளாயிரம் ஆனது. பிறகு நாற்பது. பிறகு பதினொன்று. அந்தப் பதினொரு பேரும் பேச்சைக் கேட்காதவர்கள்.

விமர்சனங்கள் வந்து குவிந்தன. 'வேலை என்று முதலிலேயே சொல்லாதது மோசடி.' 'ஓய்வுக்காக வந்த இடத்தில் பொறுப்பைத் திணிக்கிறார்கள்.' 'முன்பு நன்றாக இருந்தது, இப்போது கை நடுங்குகிறது.' 'தொப்பியை வேறு ஆட்டத்துக்கு மாற்ற முடியுமா?'

கூரை முனகத் தொடங்கியது. கணவனும் மனைவியும் அந்த அறைக்கு ஓடினார்கள். இரண்டு நாள் மாறி மாறிப் பிடித்தார்கள். அவர் கை மரத்தபோது அவள் வந்தாள். அவளுக்கு ஒரே கைதான். மூன்றாம் நாள் காலையில் பொங்கியண்ணன் ஒரு தாளோடு வந்து கதவோரம் நின்றார்.

"மன்றத்துல பேசிட்டோமுங்க. ஒரே வழிதான் இருக்குது. நீங்க பேசுனது பொய்யின்னு நீங்களே சொல்லிப்போடணும்."

"உண்மையப் பொய்னு சொல்லச் சொல்றீங்களா?"

"ஆமாங்க."

"சொன்னா நம்புவாங்களா?"

"அதத்தானுங்க மொதல்ல இருந்தே நம்ப ஆசைப்படறாங்க."

அறவாழி மனைவியைப் பார்த்தார். அவள் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலக்கை விரல்கள் வெளுத்து, பிடியோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் தாளை வாங்கிக்கொண்டு நடந்தார்.

ஒலிபரப்பில் மூன்று வரிதான் படித்தார். "நான் சொன்னது கட்டுக்கதை. ஆட்டத்துக்கு விளம்பரம் தேடிச் சொன்னது. 'முள்' வெறும் விளையாட்டுத்தான், அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை." குரல் உடையவில்லை. உடைந்தால் நம்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊர் சிரித்தது. 'புளுகுவாழி' என்று பெயர் வைத்தது. வெள்ளிக்கிழமைப் பேச்சு நிறுத்தப்பட்டது. நாற்பது ஆண்டு அபிப்பிராயங்களும் ஒரே நாளில் செல்லாமல் போயின. அன்று மாலைக்குள் ஏழாயிரம் பேர் முள்ளுக்கு வந்திருந்தார்கள். அவர்களில், ஏமாற்றுக்காரன் ஒருவன் ஒழிந்த மகிழ்ச்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேர். மரகதவல்லி பிடியிலிருந்து கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பார்த்தாள். பிறகு கணவரின் தோளில் தலையை வைத்து அங்கேயே தூங்கிப்போனாள்.

மறுவாரம் காய்கறி வாங்கும் இடத்தில் பக்கத்து வீட்டுக் கனகாத்தாள் அவரை மறித்தாள். ஊரில் இரண்டாம் இடத்தில் இருப்பவள். வலக்கையை மார்புக்கு நேரே நீட்டி, விரல்களை மடக்கி, இல்லாத பிடி ஒன்றை இறுகப் பற்றியிருந்தாள். பேசும்போதும் அந்தக் கை ஒரு மயிரிழை இறங்கி, ஒரு மயிரிழை ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இப்பிடிப் பண்ணலாமுங்களாண்ணா? ரெண்டு நாளு தூக்கமே போச்சு. நெசமாலுமே ஊரு உசுரு எங்கையிலதான் இருக்குதுன்னு நெனைச்சுப் பதறிக் கைய எடுத்துப்போட்டனுங்க. வரிசைல எட்டாவது எடத்துக்குப் போயிட்டேன். மறுக்கா ரெண்டுக்கு வர்றதுக்குள்ள பட்ட பாடு இருக்குதே!"

"மன்னிச்சுக்கோங்க அம்மிணி."

"மன்னிப்பு கெடக்கட்டும். கொஞ்சமாச்சும் யோசிச்சுப் பேச வேண்டாமுங்களா?" அவள் அடக்கமுடியாமல் சிரித்தாள். கை மட்டும் சிரிப்பில் குலுங்காமல் அப்படியே நின்றது. "நெசமாவே உசுரு போற காரியமா இருந்திருந்தா, இப்பிடிச் சோறு தண்ணி இல்லாம மெனக்கெட்டிருப்பமுங்களா?"

அறவாழி அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு முறை மூச்சை ஆழ இழுத்துவிட்டார்.

"மாட்டீங்க" என்றார்.